ஹோபர்ட் நகர்த்திய கொடிகள்

ஹோபர்ட் ஸ்லோனுக்கு எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. ரேடியோவில் மழை என்றால் வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். பால் டப்பாவில் அச்சடித்த தேதியை விட்டுவிட்டு மோந்து பார்த்துத்தான் காப்பியில் ஊற்றுவார். ஸ்டில்ஹவுஸ் ஓடைப் பக்கம் ஏதாவது புது வண்டி திரும்பினால், நாய் குரைப்பதற்கு முன்னாலேயே மனிதர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருப்பார். அதனால் அந்த ஜூன் மாதக் காலையில், வெள்ளை வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கி, கை நிறைய இளஞ்சிவப்புக் கொடிகளோடு அவர் வீட்டுப் பாதையில் ஏறி வந்தபோது, அவருக்கு மூக்கில் வியர்த்ததில் ஆச்சரியம் இல்லை.

பெண்ணின் பெயர் டானா. இரண்டு மலை தள்ளி இருக்கும் ஊர்க்காரி, பேச்சிலேயே தெரிந்தது. அரசாங்கம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் அதிவேக இன்டர்நெட் கொண்டுவருகிறது, நெடுஞ்சாலையிலிருந்து ஓடை ஓரமாகக் கேபிள் வரும், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணுக்கடியில் ஒரு கிளை போகும், அது போக வேண்டிய வழியைக் காட்டத்தான் இந்தக் கொடிகள் என்றாள். வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள், கார் எங்கே நிறுத்துவீர்கள் என்றெல்லாம் கேட்டாள். கேட்கிற கேள்விக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஹோபர்ட் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"எல்லா வீட்டுக்குமா?" என்றார்.

"எல்லா வீட்டுக்கும்தான் ஐயா. ஓடையோட கடைசி வீடு உங்களுது. அதுவரைக்கும் வரும்."

"சும்மாவா இழுத்துத் தர்றாங்க?"

"இழுத்துத் தர்றது சும்மாதான்."

போதும். குற்றம் நிரூபணமாகிவிட்டது. ஹோபர்ட் சிரித்த முகத்தோடு அவளை உள்ளே கூப்பிட்டு, பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்துக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றார். ஸ்லோன் குடும்பத்தில் யாரும் வெளியாளிடம் முடியாது என்று சொன்னதில்லை. சாப்பாடு போட்டு, "பாக்கலாம்" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? ரொட்டி ரொம்ப நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுக் கொடி நட வெளியே போனாள்.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. கிழக்குக் கென்டக்கியில் காகிதத்தோடோ கொடியோடோ வந்தவன் எவனும் நல்லதுக்கு வந்ததில்லை. ஹோபர்ட்டின் கொள்ளுத்தாத்தா எழுதத் தெரியாமல் ஒரு தாளில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். மண்ணுக்கடியில் இருக்கிற நிலக்கரியைத்தான் விற்றேன் என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருந்தார். பேரன் காலத்தில் கம்பெனி வந்து, அடியில் இருக்கிறதை எடுக்க மேலே இருக்கிற மலை இடைஞ்சலாயிருக்கிறது என்றது. அதுபோகட்டும், இந்த இன்டர்நெட்டே முன்பு ஒருமுறை வந்தது. நெடுஞ்சாலையில் பந்தல் போட்டு, ரிப்பன் வெட்டி, கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு வயர் கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வீட்டுக்கும் அது இறங்கி வரவில்லை. காக்காய்கள் உட்காருவதற்கு அரசாங்கம் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்தது என்று பக்கத்து வீட்டு எஸ்டில் சொல்லுவார்.

மலையை வெட்ட கம்பெனி வந்த காலத்தில்தான் ஹோபர்ட்டின் அப்பா ஆர்லிஸ் ஸ்லோன் பெயர் எடுத்தார். மற்றவர்கள் துப்பாக்கி எடுத்துக்கொண்டு பாதையில் போய் உட்கார்ந்தார்கள், சிறைக்குப் போனார்கள். ஆர்லிஸ் சர்வேயரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டார். அவன் முளை அடித்துவிட்டுப் போனதும், மறுநாள் விடியற்காலைப் பனியில் போய் முளைகளைப் பிடுங்கிச் சரியாகப் பக்கத்துச் சரிவில் நட்டுவிட்டு வந்தார். பிடுங்கி எறிந்தால் திரும்ப வந்து அடிப்பான், நகர்த்தி வைத்தால் நம்பிவிடுவான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கம்பெனி இயந்திரங்கள் வந்து தப்பான சரிவைக் குடைந்துவிட்டுப் போயின. ஸ்லோன்களின் குடும்பக் கல்லறைத் தோட்டம் தப்பியது. கல்லறைக்குப் பூ வைக்கும் நாளில் சொந்தமெல்லாம் மேலே கூடி, அங்கே போட்டிருக்கிற தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, ஹோபர்ட் வருஷம் தவறாமல் இந்தக் கதையைச் சொல்லுவார். அவர் மகள் மார்லாவுக்கு அது மனப்பாடம். எந்த இடத்தில் அப்பா தொண்டையைச் செருமுவார் என்பதுவரை தெரியும்.

மார்லாதான் அந்த வீட்டில் மிச்சமிருந்த இன்னொரு ஆள். லெக்சிங்டன் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மா ஓப்பல் படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வந்தாள். ஓப்பலை மேலே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த பிறகும் திரும்பிப் போகவில்லை. அப்பனைத் தனியே விட மனம் வரவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கிற வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே என்று பேர்தான். ஸ்டில்ஹவுஸ் ஓடையில் செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. தினமும் காரை எடுத்துக்கொண்டு ஓடைப் பாதை நெடுஞ்சாலையில் சேரும் இடத்திலிருக்கிற தீயணைப்பு நிலையத்துக்குப் போவாள். அவர்களுடைய வைஃபை வாசல்வரை கசியும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, புருஷனைப் பறிகொடுத்தவர்களிடமும் அம்மாவைப் பறிகொடுத்தவர்களிடமும் நாள் முழுக்கக் காருக்குள் உட்கார்ந்து பேசுவாள். கோடையில் வெந்து போவாள், குளிர்காலத்தில் விறைத்துப் போவாள்.

கம்பெனி இப்போது கெடு வைத்துவிட்டது. பின்னால் லாரி ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பருக்குள் வீட்டுக்குள்ளேயே வயர் இணைப்பும், கதவு மூடிய ஒரு அறையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் லெக்சிங்டன் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும். மார்லா இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். வயர் வந்தால் இருப்பேன், வராவிட்டால் போகத்தான் வேண்டும் என்று பளிச்சென்று சொன்னாள். ஹோபர்ட் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். கெடு வைப்பது வியாபாரிகள் பேச்சு. இன்றைக்கு வாங்காவிட்டால் நாளைக்குக் கிடைக்காது என்று சொல்லி எத்தனை பேர் அவரிடம் துடைப்பம் விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

அவர் சந்தேகம் முற்றியது டானா வந்த அன்று சாயங்காலம்தான். மார்லா வேலை முடிந்து வந்தாள். டானா வண்டியில் ஏறப்போன நேரம். இரண்டு பேரும் வண்டிக் கதவருகே நின்று ரொம்ப நாள் பழகியவர்கள்போலச் சிரித்துப் பேசினார்கள். டானா ஒரு பலகைக் கம்ப்யூட்டரை நீட்ட, மார்லா அதில் விரலால் கையெழுத்துப் போட்டாள். ஹோபர்ட் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஸ்லோன் வீட்டில் நாலு தலைமுறையாக யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

"அந்தப் பொண்ண உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

தீயணைப்பு நிலையத்தில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், அவளும் அங்கேதான் வண்டியை நிறுத்திவிட்டு வேலை பார்ப்பாள் என்றாள் மார்லா. என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு, "உன் கேள்வியப் பத்திதான்ப்பா. சும்மாவா தர்றாங்கன்னு கேட்டியாமே" என்று மறுபடியும் சிரித்தாள். ஹோபர்ட் சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கெடுவும் இல்லை, லெக்சிங்டனும் இல்லை. அப்பன் வழிக்கு வரமாட்டான் என்று தெரிந்து இரண்டு பெண்களும் சேர்ந்து காதில் பூ சுற்றப் பார்க்கிறார்கள். மகள் விட்டுப் போய்விடுவாள் என்றால் கிழவன் வாயை மூடிக்கொள்வான் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். பெற்ற மகளே ஏமாற்றுகிறாளே என்று நினைத்தபோது அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது.

நூல் விட்டுப் பார்க்க மறுநாள் எஸ்டில் வீட்டுக்குப் போனார். எஸ்டில் ஃபியூகேட், ஓடையில் கீழ் வீட்டுக்காரர், பழைய சுரங்கக் கூட்டாளி. அவர் வீட்டு வாசற்படி வரைக்கும் கொடிகள் வரிசையாக நின்றன. எஸ்டிலோ அதைக் கல்யாணத் தோரணம் மாதிரி ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு எஸ்டில் ஒத்துக்கிட்ட?"

"கூடைப்பந்து பாக்கத்தான். கடைசி நிமிஷத்துல படம் நின்னுபோயி, யாரு ஜெயிச்சான்னு கேக்க ஹேஸர்ட் டவுன் வரைக்கும் போன் போட வேண்டியிருக்கு. இந்த வயசுல இதுக்குமேல எனக்கென்னப்பா வேணும்?"

"பந்தாட்டம் பாக்க அரசாங்கம் மண்ணத் தோண்டுமா? யோசிச்சுப் பாரு."

"யோசிச்சேன். ஆட்டம் பாக்கணும்னு தோணிச்சு" என்றார் எஸ்டில்.

இந்த ஆளையும் வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்று ஹோபர்ட் முடிவு கட்டினார். மண்ணுக்கடியில் வயர் போகிறது என்றால், மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் போகும். நாளைக்கு அதை வைத்துக்கொண்டு எவனாவது வருவான். மார்லா கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு நேராக மறுத்தும் பயன் இல்லை. அப்பா காட்டிய வழி ஒன்றுதான் மிச்சம்.

விடிகிற நேரத்தில் ஓடைமேல் பனி படுத்திருந்தது. மார்லா தூங்கிக்கொண்டிருந்தாள். ஹோபர்ட் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஓடைப் பாலம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் வீடு. வலது பக்கம் மேலே கல்லறைத் தோட்டம். இடது பக்கக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வலது பக்கம் அதே இடைவெளியில் நட்டுக்கொண்டு போனார். கல்லறைக்குள் தோண்டச் சட்டம் இடம் கொடுக்காது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆட்கள் வேலி வரைக்கும் வருவார்கள், தலைக்கல்லைப் பார்ப்பார்கள், தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அப்புறம் ஆபீஸ், விசாரணை, கூட்டம் என்று வருஷக்கணக்கில் இழுக்கும். கொடி மட்டும் இருந்தால் சந்தேகம் வரும் என்று, பாதை பிரியும் இடத்தில் நின்ற வீட்டு எண் பலகையையும் பிடுங்கிக் கல்லறைப் பாதை முகத்தில் அடித்து வைத்தார். அது அவருடைய சொந்த யோசனை. அப்பா இருந்திருந்தால் மெச்சியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார், உச்சி குளிர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து மார்லாவுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார்.

தோண்டுகிற ஆட்கள் ஜூலையில் வந்தார்கள். இயந்திரம் வருகிற அன்று நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் குடும்ப வழக்கம். ஹோபர்ட் காலையிலேயே தீவனக் கடைக்குப் போய், எந்தத் தீவனமும் வாங்காமல் நாள் பூராவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மார்லா வழக்கம்போலத் தீயணைப்பு நிலையத்தில். வீட்டில் நாய் மட்டும்தான்.

சாயங்காலம் திரும்பியபோது வீட்டுப் பாதையில் ஒரு புல்கூட நசுங்கவில்லை. ஹோபர்ட் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். எண் பலகையைத் திரும்ப எடுப்பதற்கு முன் ஆட்கள் எதுவரை வந்தார்கள் என்று பார்க்க மேலே ஏறினார். பாதை ஓரமாக மண்ணைக் கீறி மூடிய தடம் தெரிந்தது. வேலிக்கு முன்னால் நின்றிருக்கும் என்று நினைத்தார். நிற்கவில்லை. தோட்டத்துக்குள்ளே போகாமல், வேலிக்கு வெளியே நின்ற விளக்குக் கம்பத்தில் ஏறி, அங்கிருந்து தலைக்கு மேலாகத் தகரக் கொட்டகைக்குத் தாவியிருந்தது வயர். கொட்டகையில் விளக்குக்கும் காப்பிப் பானைக்கும் ஏற்கெனவே மின்சாரம் இருந்தது. அதைப் பார்த்து இதுவும் ஒரு வீடு என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. வெளியூர் ஆட்கள், கொடி காட்டிய இடத்துக்குக் கொண்டுபோனார்கள், பலகையில் இருந்த எண்ணைச் சரிபார்த்தார்கள். கொட்டகைத் தூணில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் பச்சை விளக்கு நிதானமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஹோபர்ட் மிச்சக் கொடிகளையெல்லாம் பிடுங்கி மூட்டை கட்டினார். பலகையைப் பழைய இடத்தில் நட்டார். மார்லாவிடம் வாய் திறக்கவில்லை. அவளோ தினமும் வண்டியை நிறுத்தி இறங்கும்போதே ஆட்கள் வந்தார்களா என்று கேட்பாள். "அரசாங்க வேலதானே, வருவாங்க" என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாளில் அவரே அதை நம்ப ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் வந்தது. மார்லா இன்டர்நெட் ஆபீசுக்குப் போன் போட்டாள். உங்கள் வீட்டில் வேலை முடிந்து பல வாரமாகிறது என்றார்கள். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பெட்டியைத் தேடினாள். அடுப்படிச் சுவர், பின்கதவு, வீட்டுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சுன்னு சாதிக்கிறாங்கப்பா."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் ஹோபர்ட். "போன தடவையும் இதேதான் பண்ணாங்க. தாள்ல குடுத்துட்டதா எழுதிப்பாங்க."

சொல்லும்போது குரலில் நிஜமான கோபமே வந்துவிட்டது. மார்லா அன்றைக்கு முதல் தடவையாக அப்பா சொல்வது சரிதான் என்று ஒத்துக்கொண்டாள். ஹோபர்ட் நாய்க்குச் சோறு வைக்க எழுந்து போனார்.

மார்லா விடுகிற ஆள் இல்லை. டானாவைப் பிடித்து நேரில் வரவழைத்தாள். டானா வாசல் மேஜையில் பலகைக் கம்ப்யூட்டரை வைத்தாள். வேலை முடித்தவர்கள் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியாக வேண்டும், அந்தப் படத்தைப் பார்த்துவிடலாம் என்றாள். ஹோபர்ட் காப்பி ஊற்ற எழுந்தார். பானை கையில் இருக்கும்போது படம் வந்துவிட்டது. தகரக் கொட்டகைத் தூணில் வெள்ளைப் பெட்டி. அதற்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, ஓப்பலின் தலைக்கல். மார்லா மே மாதம் வைத்த பிளாஸ்டிக் பூக்கூடைகூடத் தெரிந்தது.

டானாவுக்குத் தலை கால் புரியவில்லை. நான் வீட்டுக்குத்தான் கொடி நட்டேன், எண் பலகையையும் தனியாகப் படம் எடுத்திருக்கிறார்களே, இது எப்படி நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மார்லா பலகைக் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லறைக் கொட்டகையில் உட்கார்ந்து வருஷா வருஷம் கேட்ட கதையல்லவா? அவளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு முகவரிக்கு ஒரு இணைப்புதான், முடிந்தது என்று பதிவானதைத் திறக்க முடியாது, அடுத்த சுற்றில்தான் மறுபடி கேட்க முடியும், அது அடுத்த கோடைக்குத்தான் என்று டானா சங்கடத்தோடு சொல்லிவிட்டுப் போனாள். வண்டிச் சத்தம் பாலத்தைத் தாண்டியதும் மார்லா அப்பா பக்கம் திரும்பினாள்.

"தாத்தா கம்பெனிக்காரன ஏமாத்தினாரு" என்றாள். "நீ யாரப்பா ஏமாத்தின?"

ஹோபர்ட் பானையைக் கீழே வைத்தார். பழைய கதை எல்லாவற்றையும் எடுத்தார். கொள்ளுத்தாத்தா, காகிதம், நெடுஞ்சாலை வயர். மார்லா குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்படியும் அவள் முகம் இளகாததைப் பார்த்து, உண்மையைச் சொல்லிவிட்டால் மன்னித்துவிடுவாள் என்று நினைத்து, சொல்லக்கூடாததைச் சொன்னார்.

"லெக்சிங்டன் போறேன்னு நீ சொன்னது... நெசம்னு நான் நினைக்கலம்மா. நீயும் அந்தப் பொண்ணும் சேந்து என்னை சம்மதிக்க வைக்கப் பாக்குறீங்கன்னு நினைச்சேன்."

மார்லா உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அப்பாவைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அம்மா படுத்திருந்தப்ப வந்தேன். நீ போகச் சொல்ற வரைக்கும் இருப்பேன்னு சொன்னேன். அதையும் பொய்யின்னுதான் நினைச்சியா?"

இல்லை என்று சொல்ல ஹோபர்ட்டுக்கு வாய் துடித்தது. ஆனால் அதையும் அவர் ஒரு தடவை சந்தேகப்பட்டிருந்தார். அந்த நிமிஷத்தில் நன்றாக நினைவுக்கு வந்தது.

மறுநாளே பலகையும் ஆணியும் வாங்கிக்கொண்டு மேலே ஏறினார். கொட்டகையைச் சுற்றிச் சுவர் அடைத்து, கதவு போட்டு, அடுப்பு வைத்துக் கொடுத்துவிட்டால் மகள் அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பது கணக்கு. ஒரு பக்கம் அடைத்து முடித்தபோது மார்லா ஏறி வந்தாள். அம்மா கல்லறைப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள்.

"செத்தவங்க வீட்டுக்காரங்க கிட்டப் பேசுறதுதான்ப்பா என் வேலை. அத இங்க உக்காந்தா பேசச் சொல்ற?"

சண்டையாகச் சொல்லவில்லை. சிரிப்புகூட லேசாக எட்டிப் பார்த்தது. அதனால்தான் ஹோபர்ட்டுக்கு அழுகை வந்துவிட்டது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பரில் மார்லா லெக்சிங்டனுக்குப் போனாள். போகும்போது ஒரு போனை அப்பா கையில் கொடுத்து, எதை அழுத்தினால் தன் முகம் வரும் என்று காட்டினாள். வீட்டில் அது வராது, கொட்டகைக்குப் போனால்தான் வரும் என்றாள். அதை அவள் குத்தலாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று ஹோபர்ட் பல நாள் யோசித்தார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் மனிதர் மேலே ஏறிவிடுவார். ஒரு பக்கம் மட்டும் அடைத்த கொட்டகையில், காற்று வராத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடிப்பார். மார்லா வருவாள். படம் அப்படித் துல்லியம். அவள் இமை முடிகூடத் தெரிந்தது; அவள் இளைத்திருப்பதும் தெரிந்தது. சாப்பிட்டாயா என்பார். அவளும் அதையே கேட்பாள். சில நாள் அம்மாவைக் காட்டு என்பாள். அவர் போனைத் தலைக்கல் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். ஜனவரியில் விரல் மரத்து, பொத்தானை அழுத்த முடியாமல் மூக்கால் அழுத்தினார். எஸ்டில் தன் வீட்டில் ஜம்மென்று பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்லோன் வீட்டுச் செத்தவர்களுக்குத்தான் மாவட்டத்திலேயே வேகமான இன்டர்நெட் என்று தீவனக் கடையில் சொல்லிச் சிரிப்பு மூட்டினார். ஹோபர்ட்டும் அசடு வழியச் சிரித்துவைத்தார்.

மே மாதம் பூ வைக்கும் நாளில் சொந்தமெல்லாம் மேலே கூடியது. மார்லாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் யாரோ ஆர்லிஸ் தாத்தா முளை நகர்த்திய கதையைச் சொல்லச் சொன்னார்கள். கோழி ஆறிப்போகுது, சாப்பிடுங்க என்றார் ஹோபர்ட். அந்தக் கொட்டகையில் அந்தக் கதை சொல்லப்படாத முதல் வருஷம் அது.

பூ வைத்த மறுவாரம் டானாவின் வெள்ளை வண்டி வந்தது. அடுத்த சுற்றில் வீட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டேன் என்றாள். ஹோபர்ட் கூடவே நடந்தார். கொடி ஒவ்வொன்றும் நட்டு முடிந்ததும் குனிந்து ஆட்டிப் பார்த்தார். ஒன்று ஆடுவதுபோலத் தெரிந்ததால் சுற்றிக் கல் வைத்து இறுக்கினார். இந்தத் தடவை கையெழுத்து அவருடையது. நாலு தலைமுறைக்குப் பிறகு விழுந்த கையெழுத்து; பழக்கமில்லாத விரலில் கோணலாகப் போயிற்று.

அவள் போனதும் வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து பாதை பிரியும் இடத்தில் போட்டு உட்கார்ந்தார். மான் வந்து மிதித்துவிடலாம். எவனாவது விளையாட்டுக்குப் பிடுங்கலாம். எஸ்டில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"யாருக்குப்பா காவல்?"

"யாரையும் நம்ப முடியாது" என்றார் ஹோபர்ட்.

எஸ்டில் கொடிகளையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். கேலி நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும். என்ன நினைத்தாரோ, கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தார்.

வெயில் சாய்ந்ததும் ஹோபர்ட் கொட்டகைக்கு ஏறினார். மார்லாவின் முகம் வந்தது. கொடி வந்துவிட்டது, ஆகஸ்டுக்குள் வயர் வீட்டுக்கே வந்துவிடும், உன் அறைக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன், கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று என்று மூச்சு விடாமல் சொன்னார். நல்லதுப்பா என்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் போன வாரம் இல்லாத ஒரு படம் மாட்டியிருந்தது. ஜன்னல் ஓரம் புதிதாக ஒரு செடி இருந்தது. தொட்டி கொஞ்சம் பெரிது.

"வயர் வந்துட்டா... வந்துருவியாம்மா?"

மார்லா திரையில் ஒரு வினாடி அசையாமல் இருந்தாள். இணைப்பு நின்றுவிட்டதோ என்று ஹோபர்ட் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பச்சை விளக்கு ஒழுங்காகத்தான் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பாக்கலாம்ப்பா" என்றாள் மார்லா. "சாப்பிட்டியா?"

சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னார். அவள் முகம் மறைந்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டார். அப்புறம் இறங்கிப் போய், பாதை பிரியும் இடத்தில் நாற்காலியைக் கொடிகளின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.